270 கல் போதும் என்று நினைத்தேன்

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில். இரண்டாம் கட்டில் 12 அடிக்கு 12 அடியாக இருந்த ஓர் அறையை, அடுத்தடுத்த இரண்டு சுவரையும் மூன்று மூன்று அடி தள்ளிக் கட்டி 15-க்கு 15 ஆக்கினோம். தரைக்கு ஆத்தங்குடிக் கல், கையால் செய்கிற பூவேலைத் தரை ஓடு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். கல் வாங்குவது, ஆள் பிடிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நான் ஒருத்திதான். பி.காம். படித்தவள், கூட்டல் கழித்தலுக்கு அஞ்சினவள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் யாரையும் கேட்காமல் கணக்குப் போட்டேன். 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225 சதுர அடி. நான் எடுத்த கல் 10 அங்குலச் சதுரம். அடிக்கு 12 அங்குலம், ஆக ஓர் அடிக்கு 1.2 கல். 225-ஐ 1.2-ஆல் பெருக்கினேன், 270 வந்தது. உடைசலுக்கு 15 சேர்த்து 285 கல் சொல்லி, கல் 45 ரூபாய் வீதம் 12,825 ரூபாயைக் கட்டிவிட்டேன்.

கொத்தனார் வந்த அன்று, சாந்து கலக்கும் முன்னால் கல்லைச் சும்மா தரையில் வைத்துப் பார்த்தார். ஒரு சுவரோரம் ஒரு வரிசை, அதற்குக் குறுக்கே அடுத்த சுவரோரம் ஒரு வரிசை. இடைவெளி விடாமல் ஒட்டிப் போடுகிற கல் என்பதால் கணக்கு அப்படியே தரையில் தெரிந்தது. "ஆச்சி, இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கம் பதினெட்டு. எத்தனை வாங்கியிருக்கீக?" என்றார். 285 என்றேன். கண்ணை மேலே உருட்டி, "இருபது பதினெட்டு 360, அதுல ரெண்டு பதினெட்டு 36 போச்சுன்னா 324. காணாதே ஆச்சி" என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சித்தாள் வேறு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. வந்த இருவருக்கும் கூலி 1,800 ரூபாய் கொடுத்துத்தான் அனுப்பினேன். கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார், திரும்பி வர மூன்று வாரம். பால் காய்ச்ச வைத்திருந்த நாளும் தள்ளிப்போனது.

குறைகிற கல்லை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் இரண்டாவது சிக்கல். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் சட்டம் வைத்து, நிறத்தைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டுச் செய்வது. பிறகு தண்ணீரில் ஊறி இறுக வேண்டும், அதனால் கேட்ட அன்றே கிடைக்காது. ஒரு தடவை கலந்த நிறம் மறு தடவை அச்சு அசலாக வருவதும் இல்லை. நடு அறையில் நாற்பது கல் மட்டும் வேறு சாயலில் கிடந்தால் வருகிறவர் கண்ணெல்லாம் அங்கேதான் நிற்கும்.

அன்று ராத்திரி மகளின் ரஃப் நோட்டை எடுத்துவைத்து, எங்கே சறுக்கினேன் என்று பார்த்தேன். ஓர் அடிக்கு 1.2 கல் என்பது சரிதான். ஆனால் அது நீளத்துக்கு மட்டும். அகலத்திலும் ஓர் அடிக்கு 1.2 கல் உண்டு. ஆக ஒரு சதுர அடிக்கு 1.2 × 1.2 = 1.44 கல். 225 × 1.44 = 324. பள்ளிக்கூடத்தில் இதற்கு விதியே இருக்கிறது: பின்னத்துக்கு வெளியே அடுக்கு இருந்தால் அது மேலே உள்ளதற்கும் உண்டு, கீழே உள்ளதற்கும் உண்டு. (12/10)² என்றால் 144/100. நான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய விதிதான். சதுர அடி என்ற சொல்லுக்குள்ளேயே அடி² உட்கார்ந்திருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

உங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதிவைக்கிறேன். 10 அங்குலக் கல் சதுர அடிக்கு 1.44. 8 அங்குலக் கல் என்றால் 12/8 = 1.5, அதன் வர்க்கம் 2.25. இதே அறைக்கு 8 அங்குலக் கல் எடுத்திருந்தால் 225 × 2.25 = 506.25 என்று வரும். அந்தக் கால் கல் எங்கிருந்து வந்தது? 180 அங்குலத்தை 8-ஆல் வகுத்தால் 22½. ஒரு பக்கத்துக்கு 22 முழுக் கல்லும் ஓர் அரைக் கல்லும். (22 + ½)²-ஐ விரித்தால் 484 முழுக் கல், 22 கல்லை இரண்டாக அறுத்து இரு சுவரோரமும் போடும் 44 அரைத் துண்டு, மூலையில் ஒரு கால் துண்டு. ஆனால் பூவேலை உள்ள கல்லை அறுத்தால் இரண்டு பாதியும் சுவரோரம் ஒரே மாதிரி பொருந்தும் என்று நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் 507 என்று வாங்காமல் 23 × 23 = 529 என்று வாங்குவதுதான் பாதுகாப்பு. முதலில் பக்கத்தைக் கல்லால் எண்ணுங்கள், பிறகு வர்க்கம் எடுங்கள். பரப்பிலிருந்து ஆரம்பித்தால் இந்த அரைக் கல் கண்ணில் படாது.

இதே தப்பு பட்டா விஷயத்திலும் நடக்கிறது. மீட்டருக்கு 3.28 அடி, ஆகவே சதுர மீட்டரையும் 3.28-ஆல் பெருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 சதுர மீட்டர் 328 சதுர அடி இல்லை, சுமார் 1,076 சதுர அடி. பெருக்க வேண்டியது சுமார் 10.76, அதாவது 3.28-இன் வர்க்கம். பட்டாவில் வரும் ஏர் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 10² சதுர மீட்டர். ஹெக்டேர் 100-க்கு 100, அதாவது 10⁴. ஹெக்டேருக்கு எத்தனை ஏர்? 10⁴-ஐ 10²-ஆல் வகுக்க அடுக்கைக் கழித்தால் 10², நூறு ஏர்.

இதைவிட என்னை நோகடித்தது வேறொன்று. அறை சதுரம், கல்லும் சதுரம், பக்கத்துக்குக் கல் அறுபடாமல் பொருந்துகிறது. அப்படியானால் மொத்தக் கல் கட்டாயம் முழு வர்க்கமாக, அதாவது ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதாகத்தான் இருக்க வேண்டும். 270 முழு வர்க்கமே இல்லை! கடைசியில் ஒற்றைப் பூஜ்யம். முழு வர்க்கத்தின் கடைசியில் பூஜ்யம் இரண்டு, நான்கு என்று ஜோடியாகத்தான் வரும். பணம் கட்டுவதற்கு முன் பத்து விநாடி அந்த எண்ணைப் பார்த்திருந்தால் போதும். சோதிக்கும்போது உடைசலுக்குச் சேர்க்கும் முன் உள்ள எண்ணைப் பாருங்கள், 285-ஐச் சோதித்துப் பயனில்லை.

சோதனைகளைச் சொல்கிறேன். 2, 3, 7, 8-இல் முடிகிற எண் முழு வர்க்கம் ஆகாது. 5-இல் முடிந்தால் கடைசி இரண்டு இலக்கம் 25 ஆக இருக்க வேண்டும். 6-இல் முடிந்தால் அதற்கு முந்தின இலக்கம் ஒற்றைப்படை: 16, 36, 196, 256. 1, 4, 9-இல் முடிந்தால் முந்தின இலக்கம் இரட்டைப்படை: 81, 144, 169, 324. இலக்கங்களை ஓர் இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 7, 9 இவற்றில் ஒன்றுதான் வரும். இவை எல்லாம் தள்ளுவதற்கான சோதனைகள், ஒப்புக்கொள்வதற்கு அல்ல. 136-ஐப் பாருங்கள். 6-இல் முடிகிறது, முன்னால் 3 ஒற்றைப்படை, கூட்டினால் 10, பிறகு 1. எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் 11-இன் வர்க்கம் 121, 12-இன் வர்க்கம் 144, நடுவில் 136-க்கு இடமே கிடையாது.

உறுதியாகச் சொல்ல பகாக்காரணிதான் வழி. 324 = 2² × 3⁴. அடுக்கு எல்லாம் இரட்டைப்படை, எனவே முழு வர்க்கம். அடுக்கைப் பாதியாக்கினால் வர்க்கமூலம் 2 × 3² = 18. 270 = 2 × 3³ × 5. மூன்றுமே ஒற்றைப்படை அடுக்கு. எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்று பரீட்சையில் கேட்பார்களே, ஒற்றைப்படையாக நிற்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி கொடுக்க வேண்டும்: 2 × 3 × 5 = 30. 270 × 30 = 8100, அது 90². அடுக்கு ஏன் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்றால், வர்க்கம் எடுக்கும்போது உள்ளே இருக்கிற அடுக்கு இரட்டிப்பாகிறது. இது புரிந்த பிறகு மகள் அடிக்கடி செய்யும் ஒரு தப்பு எனக்குப் பிடிபட்டது. பக்கத்தை 'ப' என்று வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும், எனக்கு 'ப' என்றால் சுவர் கண்ணில் தெரிகிறது. ப¹⁶-இன் வர்க்கமூலம் ப⁴ என்று எழுதிவைத்திருந்தாள். 16-க்கு மூலம் 4 என்று கை பழகிவிட்டது. அடுக்குக்கு மூலம் எடுக்கக் கூடாது, பாதியாக்க வேண்டும்: ப⁸. அதே போல 9 முழு வர்க்கம், ஆனால் ப⁹ முழு வர்க்கம் இல்லை.

கல்லுக்காகக் காத்திருந்த மூன்று வாரமும் இப்படித்தான் போனது. மகளோடு எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து உட்கார்ந்தேன். அடுக்கு விதிகளில் ஆட்கள் விழுகிற இடங்கள் நாலைந்துதான். 2³ × 2⁴ என்றால் மூன்று 2-ம் நான்கு 2-ம் வரிசையாக நின்று பெருகுகின்றன, மொத்தம் ஏழு, எனவே 2⁷. அடிமானத்தையும், அதாவது அடுக்கைத் தாங்கி நிற்கிற 2-ஐயும், பெருக்கி 4⁷ என்று எழுதுவது முதல் தப்பு. 2³ + 2⁴-க்கு அடுக்கைக் கூட்டுவது இரண்டாவது. கூட்டலுக்கு அப்படி விதி எதுவும் இல்லை, 8 + 16 = 24, அவ்வளவுதான். (2³)⁴ என்பது 2³ நான்கு தடவை, 3-ஐ நான்கு தடவை கூட்டினால் 12. கூட்டுவதா பெருக்குவதா என்று சந்தேகம் வந்தால் விதியைத் தேடாதீர்கள், சின்ன எண்ணைப் போட்டு விரித்து எழுதி எண்ணிப் பாருங்கள். குறை அடுக்குக்கு ஏணி இறங்குவது நல்ல வழி: 2³ = 8, 2² = 4, 2¹ = 2. ஒவ்வொரு படிக்கும் பாதியாகிறது. அடுத்த படி 2⁰ = 1, அதற்கும் கீழே ½, ¼, ⅛. ஆகவே 2⁻³ என்பது ⅛. அது −8 ஆக வழியே இல்லை.

அடுக்கு எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 3ப² என்பதில் 2 'ப'-வுக்கு மட்டும். (3ப)² என்றால் 9ப². −3² என்பது −9, (−3)² என்பது 9. இதில் கணினியை நம்பாதீர்கள். எக்செல்லில் =-3^2 என்று அடித்தால் 9 என்று காட்டும், சயின்டிஃபிக் கால்குலேட்டர் பெரும்பாலும் −9 காட்டும். அடைப்புக்குறி போட்டுவிட்டால் இரண்டுக்கும் சண்டையில்லை.

இனி, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அடுக்கு உள்ளே போகும் என்று சொன்னேனே, அதைக் கூட்டலுக்கும் நீட்டிவிடுவார்கள். (12 + 3)² = 144 + 9 = 153 என்பார்கள். எங்கள் அறையே இதற்குப் பதில். பழைய அறை 144 சதுர அடி. ஒரு சுவரைத் தள்ளியதில் 12-க்கு 3 பட்டை, 36. இன்னொரு சுவருக்கும் 36. இரண்டு பட்டையும் சந்திக்கிற மூலையில் 3-க்கு 3, 9. கூட்டினால் 225. 153 என்கிறவர் இரண்டு பட்டையையும் மண்தரையாக விட்டுவிட்டு மூலைக்கு மட்டும் கல் போடுகிறார். நம்ம பக்கத்து வட்டிக் கணக்கும் இதே உருவம்தான். லட்ச ரூபாய், 12 சதவீதம், கூட்டு வட்டி, இரண்டு வருஷம்: (1 + 0.12)² = 1 + 0.24 + 0.0144. நடுவில் இருக்கிற 24,000 தனி வட்டி, வாலில் இருக்கிற 1,440 வட்டிக்கு வட்டி. அறையில் மறக்கிறது நடு உறுப்பை, வட்டியில் மறக்கிறது வாலை.

பட்டையும் மூலையும் மனதில் பதிந்தால் முழு வர்க்கக் கோவையை அடையாளம் காண்பது சுலபம். 4ப² + 12ப + 9: முனை இரண்டும் வர்க்கம், மூலங்கள் 2ப, 3. அவற்றைப் பெருக்கி இரட்டித்தால் 12ப. நடு உறுப்போடு பொருந்துகிறது, எனவே (2ப + 3)². ப² + 10ப + 16-இலும் முனை இரண்டும் வர்க்கம்தான், ஆனால் 2 × ப × 4 = 8ப, 10ப இல்லை. முனைகளை மட்டும் பார்த்து (ப + 4)² என்று எழுதிவிடுகிறவர்கள் அதிகம். 4ப² + கப + 25 முழு வர்க்கம் எனில் 'க' என்ன என்று கேட்டால் 20 என்று எழுதி நிறுத்தாதீர்கள், −20-ம் உண்டு.

வர்க்கப்பூர்த்தி முறை, அதாவது ஒரு கோவையில் குறைவதைச் சேர்த்து முழு வர்க்கமாக்குவது, எனக்கு இருபது வருஷமாக மந்திரம் போலத்தான் இருந்தது. ப² + 6ப என்றால் ஒரு சதுர அறையும் 6ப பரப்புள்ள பட்டையும். பட்டையை இரண்டாக வகுத்து, 3ப, 3ப என்று இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். மூலையில் 3-க்கு 3 ஓட்டை விழும். அந்த 9-ஐ வைத்தால் சதுரம் முழுதாகும். பாதியாக்கி வர்க்கம் எடு என்பது அந்த மூலைக் கல்தான். 2ப² + 12ப போல முன்னால் கெழு இருந்தால் முதலில் 2-ஐ வெளியே எடுங்கள்: 2(ப² + 6ப + 9) − 18. இங்கே 9-ஐக் கழிக்கிறவர்கள் நிறைய. உள்ளே வைத்த 9-க்கு வெளியே 2 இருப்பதால் நாம் சேர்த்தது 18.

பத்தாம் வகுப்பில் நான்காம் படிக் கோவைக்கு வர்க்கமூலம் கேட்பார்கள். நீள் வகுத்தல் வேண்டாம் என்று சொல்லவில்லை, மார்க்குக்கு அதைத்தான் எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள். சரிபார்க்க இது வேகம்: 25ப⁴ − 20ப³ + 34ப² − 12ப + 9. முதல் உறுப்பின் மூலம் 5ப². −20ப³-ஐ அதன் இரு மடங்கான 10ப²-ஆல் வகுத்தால் −2ப. 34ப²-இல் (−2ப)²-க்கு 4ப² போக 30ப², அதை 10ப²-ஆல் வகுத்தால் 3. ஆக 5ப² − 2ப + 3. கடைசி இரண்டு உறுப்பும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்: 2 × (−2ப) × 3 = −12ப, 3² = 9. வருகிறது.

மார்கழிக் கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 7 புள்ளி, 1 முடிய நேர்ப்புள்ளி வைத்தால் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. ஏறுகிற பாதி 1 + 3 + 5 + 7 = 16, இறங்குகிற பாதி 5 + 3 + 1 = 9. ஒற்றைப்படை எண்களை 1-லிருந்து கூட்டினால் எப்போதும் முழு வர்க்கம்தான்.

கடைசியில் அறையைக் காப்பாற்றியதும் வர்க்கம்தான். கையில் 285 கல். 18² = 324-க்குக் காணாது, ஆனால் 16² = 256-க்குத் தாராளம். நடுவில் 16-க்கு 16 இந்தக் கல்லைப் போட்டு, சுற்றிலும் ஒரு வரிசை வேறு நிறத்தில் பார்டர் போட்டால் சாயல் வித்தியாசம் குறையாகத் தெரியாது. பார்டருக்கு எத்தனை? 18² − 16² = (18 − 16) × (18 + 16) = 2 × 34 = 68. பட்டறையில் பார்டர் கல் வேறு, மூலைக் கல் வேறு என்றார்கள். அதையும் பட்டையும் மூலையுமாக விரிக்கிற அதே முற்றொருமையே பிரித்துக் கொடுத்தது: (16 + 2)² = 256 + 64 + 4. நேர்க் கல் 64, மூலைக் கல் 4. உடைசலுக்கு நேர்க் கல்லில் மூன்று, மூலையில் ஒன்று சேர்த்து 72 சொன்னேன், அதே 45 ரூபாய் வீதம் 3,240. முதலிலேயே 324-க்கு உடைசல் 16 சேர்த்து 340 வாங்கியிருந்தால் 15,300-இல் முடிந்திருக்கும், எனக்கு ஆனது 16,065. இந்த 765, வண்டி இரண்டாம் நடை 1,200, வெறும் கூலி 1,800, ஆக 3,765 ரூபாய் தண்டம்.

கொத்தனார் திரும்பி வந்ததும் முன்போலவே முதலில் சும்மா அடுக்கிப் பார்த்தார். மூலைக் கல் நாலும் உட்கார்ந்த பிறகுதான் சாந்து கலக்கச் சொன்னார். நடுக் கல்லில் 29 மிஞ்ச வேண்டியது, போடும்போது மூன்று உடைந்ததால் 26 மிஞ்சியது. அதில் 25-ஐ சாமி அறையில் ஐந்துக்கு ஐந்தாகப் போட்டுக்கொடுத்தார். மிஞ்சின ஒற்றைக் கல் அடுப்படியில் தண்ணீர்க் குடத்துக்குக் கீழே இருக்கிறது.